ஊசி பட்ட சீட்டு

மேஸ்திரி தன் மகள் வீட்டு வாசலில் கால் வைப்பதற்கு நான்கு வருடமும் ஒரு பிஸ்கட் டப்பாவும் தேவைப்பட்டன.

நான்கு வருடம், கோபத்துக்கு. வீட்டில் பார்த்து முடித்திருந்த மாப்பிள்ளையை விட்டுவிட்டு, வேன் ஓட்டுகிற ஒருவனைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு இந்த ஊருக்கு வந்துவிட்டாள் மகள். அன்றிலிருந்து மேஸ்திரி அவள் பேச்சை எடுத்ததில்லை. எடுத்தவர்களிடம் பேசியதும் இல்லை.

பிஸ்கட் டப்பா, சீட்டுக்கு.

மேஸ்திரி போகிற சர்ச் சபையிலிருந்து பதினாறு பேர் ஒரு பஸ்ஸும் ஒரு லாரியுமாக இங்கே வந்து ஆறு நாள் ஆகிறது. வெள்ளம் வடிந்து ஒரு மாதமாகியும் கூரையில்லாமல் கிடக்கிற வீடுகளைச் சம்பளம் வாங்காமல் சரிசெய்து கொடுப்பதுதான் வேலை. பட்டியலில் ஒன்பது வீடு. வந்ததே மொத்தம் ஆறு நாளுக்கு. நாளுக்கு ஒன்று என்றாலும் மூன்று வீட்டுக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் படுக்க வேண்டும்.

எந்த வீட்டை எடுப்பது என்று இவர்கள் முடிவு செய்வதில்லை. மூன்று வருடத்துக்கு முன் வேறோர் ஊரில், உங்களுக்கு வேண்டப்பட்டவர்களுக்குத்தான் செய்வீர்கள் என்று சொல்லி ஒருவர் மேஸ்திரியின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். மேஸ்திரிக்கு அது செருப்படியைவிட அதிகம். மிஞ்சிய ஆணியைக்கூட எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிற மனுஷன். இனிமேல் சீட்டு என்று பாஸ்டரிடம் சொன்னவர் அவர்தான். ஜெபம் பண்ண வேண்டும், கண்ணை மூட வேண்டும், டப்பாவில் கைவிட வேண்டும். வருகிற சீட்டு கர்த்தர் கொடுத்தது. அதற்கு மேல் பேச்சில்லை.

ஐந்து முறை ஐந்து பேர் எடுத்தார்கள். நேற்றுச் சாயங்காலம், டப்பாவில் நான்கே சீட்டு மிச்சமிருந்தபோது, ஆறாவது சீட்டை, அன்றைய முறைப்படி, மேஸ்திரியின் மனைவி எடுத்தாள்.

மகள் வீடு வந்தது.

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பெண்கள் சிலர் அழுதார்கள். ஐந்து நாளாக மகள் இருக்கும் தெருவைத் தவிர்த்து ஊரைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போன மேஸ்திரி, தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்தார். "கர்த்தரே கூப்பிட்டப்புறம் நான் யாரு" என்றார்.

எல்லோருக்கும் அது அற்புதம். சீட்டை எடுத்தவளுக்கு மட்டும் அது தொண்டையில் குத்திய முள்.

சபையில் அவளை டெய்லரம்மா என்பார்கள். துணி வெட்டுகிற பழுப்புத் தாளில் ஒன்பது சீட்டையும் வெட்டி எழுதியவள் அவள்தான். டப்பாவும் அவள் பையில்தான் இருந்தது. நேற்று மத்தியானம் எல்லோரும் வேலையிலிருந்தபோது, மகள் வீட்டுச் சீட்டில் ஊசியால் ஒரு குத்துக் குத்தினாள். ஒரே ஒரு குத்து. முப்பது வருடம் துணியைத் தடவியே எது எந்த ரகம் என்று சொன்ன விரலுக்கு அது போதும்.

*

காலை எட்டு மணிக்கு மகள் வீட்டுப் பழைய கூரையில் மிஞ்சியிருந்ததை இறக்கிவிட்டார்கள். துருப்பிடித்த தகரமும் உளுத்த மரமும் தெருவில் குவிந்தன. புதுத் தகரம் பன்னிரண்டும், ஆறு மரச் சட்டமும் சுவரில் சாய்ந்து நின்றன. சபை கொண்டுவந்த மரத்தில் மிச்சம் அந்த ஆறுதான்.

மகள் டீ கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினாள்.  சுற்றி நின்றவர்கள் வேறெங்கோ பார்ப்பதுபோல அதையே பார்த்தார்கள்.

மேஸ்திரி ஒரு மடக்குக் குடித்தார்.

"சர்க்கரை கம்மி."

நான்கு வருடத்தில் மகளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

"உங்களுக்கு சுகர்னு அம்மா சொன்னாங்கப்பா."

"உங்கம்மா எல்லாத்தையும் சொல்லிடுவா" என்றார் மேஸ்திரி. மீசைக்குள் ஏதோ அசைந்தது. மகள் சிரித்தபடி அழுதாள்.

எல்லாத்தையும் சொல்லிவிடுகிறவள் வாசலில் உட்கார்ந்து தார்ப்பாய்க்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. பெற்ற வயிறு குளிர்ந்தது உண்மை. ஆனால் தையல் கோணிக்கொண்டே போனது.

பத்து மணி இருக்கும். பூட்டுக்காரர் வந்தார். மார்க்கெட் வாசலில் உட்கார்ந்து பூட்டு ரிப்பேர் செய்து, சாவி வெட்டிக் கொடுக்கிறவர். மகள் வீட்டிலிருந்து ஆறாவது வீடு. டப்பாவில் மிஞ்சிப்போன மூன்று சீட்டில் ஒன்று அவருடையது.

மனுஷன் குறை சொல்லவில்லை. சீட்டு வரவில்லை, அது ஆண்டவன் சித்தம், சரி என்றார். பின் சுவர் கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருக்கிறது, முட்டுக் கொடுக்க இரண்டு கட்டை இருந்தால் போதும் என்றார். டெய்லரம்மா தார்ப்பாயை மடித்து வைத்தாள். நான் வந்து பார்க்கிறேன் என்று எழுந்து போனாள்.

அவர் வீட்டு வாசல் கதவு தண்ணீரில் ஊறி உப்பி, ஒரு முழம் திறந்து அப்படியே நின்றுவிட்டது.

"ஊர்ப் பூட்டெல்லாம் என் கையில திறக்கும். என் வீட்டுக் கதவு மட்டும் திறக்க மாட்டேங்குது பாருங்க" என்று சிரித்துக்கொண்டே பக்கவாட்டில் உள்ளே நுழைந்தார். அவர் ஒல்லி. அவளும் மூச்சை அடக்கிக்கொண்டு நுழைந்தாள்.

ஒரே அறை. அறை நீளத்துக்கு ஒரு கட்டில். கட்டிலில் அவர் மனைவி. பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறதாம். பாதி முகம்தான் அசைந்தது. அந்தப் பாதி டெய்லரம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

கட்டில் ஒட்டியிருந்தது பின் சுவரில். மண் சாந்து வைத்துக் கட்டிய செங்கல் சுவர். நான்கு நாள் தண்ணீரில் நின்றது. மூலையிலிருந்து மேலே ஒரு விரிசல் ஓடியது. கட்டிலைத் தள்ளிப் போடலாமே என்றால் தள்ள இடமில்லை. வெளியே தூக்கிவிடலாமே என்றால் இந்த ஒரு முழச் சந்தில் அந்தக் கனத்த உடம்பைக் கொண்டுபோக வழியில்லை. முந்தாநாள் கதவை இடித்துப் பார்த்தாராம்; சுவரிலிருந்து மண் கொட்டியதும் பயந்து விட்டுவிட்டாராம்.

டெய்லரம்மாவுக்குச் சுவரைப் பற்றித் தெரியாது. ஆனால் தையல் விட்டுப்போகிற துணி எப்படி இருக்கும் என்று தெரியும். இடுப்பில் செருகியிருந்த, துணியில் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்து, விரிசலுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் கோடு இழுத்தாள். அப்புறம் கணவரிடம் போனாள்.

மேஸ்திரி சுவர் மேல் உட்கார்ந்து முதல் சட்டத்துக்கு இடம் குறித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டார். கோபப்படவில்லை. அந்த வீட்டுக்கு ஆளைப் பிரித்து அனுப்பினால் இங்கே சாயங்காலத்துக்குள் கூரை முடியாது. நாளைக் காலை பஸ் கிளம்பிவிடும் என்றார். சட்டம் ஆறும் இந்தக் கூரைக்கே சரியாக இருக்கிறது, அதில் இரண்டை முட்டுக்கு வெட்டினால் அப்புறம் கூரைக்கு எட்டாது என்றார். கடைசியாக, எல்லாவற்றுக்கும் பெரிய காரணத்தைச் சொன்னார்.

"சீட்டு இந்த வீட்டுக்கு விழுந்திருக்கு. கண்ணீரைப் பார்த்துப் பார்த்து நாம மாத்திக்கிட்டே போனா அதுக்குப் பேரு சீட்டா?"

மகள் கீழே நின்று அப்பாவுக்கு ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மருமகன் இன்னும் பத்தடி தள்ளியே நின்று, யாரும் சொல்லாத வேலையெல்லாம் செய்துகொண்டிருந்தான்.

டெய்லரம்மா திரும்பவும் ஊசியை எடுத்தாள். இரண்டு முறை விரலில் ஏற்றிக்கொண்டாள். பேசாமல் இருந்துவிட்டால் என்ன? சீட்டை ஒழுங்காக எடுத்திருந்தால் மட்டும் பூட்டுக்காரர் வீடு வந்திருக்குமா? நாலில் ஒன்றுதானே. மிச்ச இரண்டில் ஏதாவதுகூட வந்திருக்கலாம். இப்படி அவள் தனக்குத் தானே வக்கீலாக வாதாடினாள். ஜெயிக்கவும் செய்தாள். ஆனால் கால் நிற்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் மறுபடி அந்த முழச் சந்தில் நுழைந்தாள்.

மூன்று கோடும் உடைந்திருந்தன. சுவரின் ஒரு பாதியிலிருந்த கோடு மறு பாதியிலிருந்த கோட்டோடு சேரவில்லை. மேலே இருந்த கோடு இரண்டு நூல், கால் அங்குலம், விலகியிருந்தது.

பூட்டுக்காரர் மனைவிக்கு ஸ்பூனில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். "கட்டை கிடைச்சுதாம்மா?" என்று கேட்டார்.

*

"என்னங்க, கீழே வாங்க."

"என்னன்னு சொல்லு."

"கீழே வாங்க."

அவள் குரலில் என்ன இருந்ததோ, மேஸ்திரி இறங்கிவிட்டார். வீட்டின் பக்கவாட்டில், சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் அவரைக் கூட்டிப்போனாள். அந்தப் பக்கம் யாரோ தகரத்தில் துளை போடுகிற சத்தம் ஓயாமல் கேட்டது. அந்தச் சத்தத்துக்குள்தான் சொன்னாள்.

"அந்தச் சீட்டு தானா வரல. நான் எடுத்தேன்."

"நீதானே எடுத்தே."

"ஊசியால குத்தி வச்சிருந்தேன். தடவிப் பார்த்து எடுத்தேன்."

மேஸ்திரி அவளைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பென்சிலைப் பார்த்தார். அதைக் காதில் செருகினார். மறுபடி எடுத்தார்.

"அந்தச் சுவர் நகருதுங்க. கோடு போட்டுப் பார்த்துட்டேன். அந்தம்மாவால எழுந்து ஓட முடியாது."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும்."

 மேஸ்திரி பையிலிருந்து, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு ஆறாவது வீட்டுக்கு நடந்தார். சந்து வழியாக உள்ளே போய், பின் சுவரின் தலையிலிருந்து நூலைத் தொங்கவிட்டார். குண்டு ஆடி நின்றது. கட்டில் மட்டத்தில் நூலுக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் நுழைந்தது. சுவர் உள்ளே, கட்டிலின் பக்கம் சாய்ந்திருந்தது.

திரும்பி வந்தவர் எல்லோர் முன்னாலும் ஒரே வாக்கியம்தான் சொன்னார். ஆறு சட்டமும் பூட்டுக்காரர் வீட்டுக்குப் போகணும்.

துளை போடுகிற சத்தம் நின்றது. பாஸ்டர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, சீட்டு விழுந்தது இந்த வீட்டுக்கல்லவா என்று ஞாபகப்படுத்தினார். மேஸ்திரி முகம் கல்லாக இருந்தது.

"அதை நான் பார்த்துக்கறேன் பாஸ்டர்."

பாஸ்டர் வழியை விட்டு ஒதுங்கினார்.

முதல் சட்டத்தை மேஸ்திரியே தூக்கினார். பதினான்கடி மரம், ஒருவர் தூக்குகிற கனமில்லை. ஒரு முனை மண்ணில் இழுபட்டது. பத்தடி தள்ளி நின்ற மருமகன் ஓடிவந்து பின் முனையைத் தோளில் வாங்கிக்கொண்டான். மேஸ்திரி திரும்பிப் பார்க்கவில்லை. தோளையும் எடுக்கவில்லை. மாமனாரும் மருமகனும் ஒரே மரத்தைச் சுமந்துகொண்டு தெருவில் போனதை ஊரே பார்த்தது.

கூரை இல்லாத வீட்டின் நடுவில் நின்றுகொண்டு மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"பரவாயில்லம்மா. ஒரு மாசமா இப்படித்தானே இருக்கோம். அந்தம்மாவைப் பார்க்கச் சொல்லு அப்பாவை."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள் டெய்லரம்மா.

சட்டங்களைக் குறுக்கே, முனை சீவி, முட்டுக்கு வெட்டினார்கள். வெட்டிய மரம் இனி எந்தக் கூரைக்கும் எட்டாது. மூன்று முட்டுக் கட்டைகளை அந்தச் சந்து வழியாகவே உள்ளே செருகி, சுவருக்கும் தரைக்கும் நடுவே இறுக்கினார்கள். அதன் பிறகுதான் கதவில் கை வைத்தார் மேஸ்திரி. இடிக்கவில்லை. கீலைக் கடப்பாரையால் நெம்பி, ஆணி ஆணியாகக் கழற்றி, கதவை அலுங்காமல் எடுத்துத் தெருவில் சாய்த்தார். ஆறு பேர் கட்டிலைத் தூக்கினார்கள். பூட்டுக்காரர் மனைவியின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, பார்த்து, பார்த்து என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

கட்டில் வாசலைத் தாண்டியது. நான்காவது கட்டையை உள்ளே கொண்டுபோகத் திரும்பினான் மருமகன். அப்போதுதான் மூலை விழுந்தது.

பெரிய சத்தமில்லை. மூட்டையை அவிழ்த்துக் கொட்டியது போலத்தான் இருந்தது. தூசி அடங்கிப் பார்த்தால், முட்டுக் கொடுத்த சுவர் நின்றது. மூலையிலிருந்த செங்கல் மட்டும் இடுப்புயரத்துக்குக் குவிந்து கிடந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் தலையணை இருந்த இடத்தில்.

 மருமகன் கட்டையைக் கீழே போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். மேஸ்திரி அவனிடம் ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினார். முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டார்.

பூட்டுக்காரர் நேரே டெய்லரம்மாவிடம் வந்தார். கும்பிடக் கை தூக்கினார்.

"சொந்த மகள் கூரையை விட்டுட்டு வந்தீங்களேம்மா. உங்களுக்கு விழுந்த சீட்டை எங்களுக்குக் கொடுத்துட்டீங்களே."

அவள் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினாள். 

பின்னால் நின்ற பாஸ்டருக்கு அது காதில் விழுந்தது. இந்தப் பயணத்தில் இதைவிடப் பெரிய சாட்சி வேறில்லை சிஸ்டர், இன்று சாயங்காலக் கூட்டத்தில் நீங்கள்தான் பேசவேண்டும் என்று சொல்லிவிட்டார். அடுத்த வருடம் மிச்ச வீடுகளுக்கும் இதே டப்பாவில், இதே கையால்தான் சீட்டு என்று சந்தோஷமாக வேறு சேர்த்துக்கொண்டார்.

*

சாயங்காலம் ஐந்தரை. மேகம் கறுத்திருந்தது. மகள் வீட்டின் மேல் தார்ப்பாயைக் கட்டிவிட்டு எல்லோரும் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார்கள். குழாயடியில் மேஸ்திரி கையிலிருந்த மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மண் போயும் தேய்த்துக்கொண்டிருந்தார். டெய்லரம்மா துண்டோடு பக்கத்தில் நின்றாள். மத்தியானத்திலிருந்து அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வரப்போவது என்ன என்று அவளுக்குத் தெரியும். எல்லோர் முன்னாலும் சொல்லு என்பார். ஆணியை எண்ணித் திருப்பித் தருகிறவர் வேறென்ன சொல்வார்?

"சொல்லிடாதே" என்றார் மேஸ்திரி.

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"கூட்டத்துல அதைச் சொல்லிடாதே."

"நீங்களா சொல்றீங்க?"

"கர்த்தர் கூப்பிட்டார்னு நினைச்சுத்தான் அந்த வாசல்ல கால் வச்சேன். அவளும் அப்படித்தான் நினைச்சுட்டிருக்கா." குழாயை மூடினார். மூடியும் சொட்டியது. "இல்ல, அம்மாதான் ஏமாத்திக் கூட்டிட்டு வந்தான்னு தெரிஞ்சா? அப்பா தானா வரலைன்னு ஆயிடும்."

"தானாத்தான் வந்திருக்கலாமே நீங்க. நாலு வருஷமா நான் கேட்கலையா?"

 மேஸ்திரி துண்டை வாங்கி முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இன்னிக்குத்தான் அவ என்னை அப்பான்னா."

முப்பது வருடத்தில் அவர் அவளிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

வகுப்பறை நிறைந்திருந்தது. பட்டியலிலிருந்த ஒன்பது வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். கூரை கிடைத்த ஐந்து வீட்டுக்காரர்கள் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். டப்பாவில் மிஞ்சிப்போன மற்ற இரண்டு வீட்டுக்காரர்கள் கதவோரம், பாதி வெளியே பாதி உள்ளே நின்றார்கள். பூட்டுக்காரர் முன் வரிசையில், மனைவியின் கட்டிலோடு.

மகளும் மருமகனும் கடைசியாக வந்தார்கள். இடம் தேடினார்கள். மேஸ்திரி பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்தார். ஒருவருக்குத்தான் நகர்ந்தார், ஆனால் இருவர் உட்கார்ந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மகள் அவர் தோளில் சாயவில்லை. சாய்கிற தூரத்தில் இருந்தாள்.

வெளியே முதல் தூறல் விழுந்தது. அந்தத் தார்ப்பாய் எவ்வளவு தாங்கும் என்று அதற்கு ஓரம் அடித்தவளுக்குத் தெரியும்.

பாஸ்டர் அழைத்தார். டெய்லரம்மா எழுந்தாள். முன்னால் போக ஏழெட்டு அடிதான். ஏழெட்டு மைலாக இருந்தது. கதவோரம் நின்ற இரண்டு பேரைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். அவர் தலையை லேசாக அசைத்தார். வேண்டாம்.

"நான் நல்ல காரியம் எதுவும் செய்யல" என்றாள்.

அறை உருகிவிட்டது. என்ன ஒரு தாழ்மை என்று பின் வரிசையில் ஒரு பெண் சொன்னாள். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று குரல்கள் எழுந்தன. பூட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் அம்மாவைப் பார்த்து, ஊர் முழுக்கக் கேட்கட்டும் என்பதுபோல, பெருமையாகச் சிரித்தாள்.

அங்கேயே உட்கார்ந்துவிடலாம். பொய்யும் சொன்னதாகாது, உண்மையும் சொன்னதாகாது. கணவர் கண்ணில் அதே வேண்டுதல்.

டெய்லரம்மா உட்காரவில்லை.

"இருங்க" என்றாள். "நான் இன்னும் சொல்லி முடிக்கல."

ஸ்தோத்திரம் அடங்கியது. மேஸ்திரி மகளின் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, டெய்லரம்மாவின் பக்கத்தில் நின்றார்.